நீரில் இருக்கும் ஆக்சிஜன் வேறு, நண்டின் உடலில் இருக்கும் ஆக்சிஜன் வேறு

கண்ணாடித் தொட்டியில் கடல்நீர், அதன் அடியில் ஒரு நண்டு. ஆக்சிஜன் அளக்கும் கருவியின் முனையை நீரில் தோய்த்தால் ஓர் எண் வருகிறது. அந்த எண் குறையத் தொடங்கினால் நண்டுக்கு மூச்சு முட்டுகிறது என்று எண்ணிக்கொள்கிறோம். படிக்கத் தொடங்கிய காலத்தில் நானும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். நண்டின் இதயத்துக்கு மேலே, தலைமுடி பருமனுள்ள ஓர் ஒளியிழையைச் செருகி, உள்ளே உள்ள ஆக்சிஜனையும் அதே திரையில் பார்த்த நாளோடு அந்த எண்ணம் போயிற்று. நீரின் எண் பாதியாகக் குறைந்த பிறகும் உள்ளே இருந்து வந்த கோடு பெரிதாக அசையவில்லை. பிறகு ஒரு கட்டத்தில் மளமளவென்று சரிந்தது. நண்டின் பாடு என்ன என்பதைச் சொன்னது அந்த இரண்டாவது கோடுதான்.

நண்டு, இறால், சிப்பி, கணவாய், பவளம், கடற்புழு என்று முதுகெலும்பில்லாத கடல் உயிரிகளின் உடலுக்குள் அந்தக் கோட்டை எப்படி எடுக்கிறார்கள், எடுத்த பிறகு எப்படிப் படிக்கிறார்கள் என்பதே இங்கே பேச்சு. இதில் இப்போது இத்தனை பேர் அக்கறை காட்டக் காரணம் உண்டு. 1960இலிருந்து உலகக் கடல்களின் மொத்த ஆக்சிஜன் 2 சதவீதத்துக்கு மேல் குறைந்திருப்பதாக 2017இல் வெளியான கணக்கு சொல்கிறது. கரையோரங்களில் நிலைமை இன்னும் மோசம். வயல்களிலிருந்து வழிந்து வரும் உரச்சத்தில் பாசி பெருகுகிறது. அது செத்து மட்கும்போது நுண்ணுயிர்கள் நீரின் ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடுகின்றன. இப்படி ஆக்சிஜன் வற்றிப்போகும் கரையோரப் பகுதிகள் 400க்கும் மேல் என்று 2008இலேயே பட்டியலிட்டிருந்தார்கள். நீந்தத் தெரிந்த மீன் ஓடிவிடும். சிப்பியும் புழுவும் எங்கே ஓடும்?

எந்த அலகில் பேசுவது

தொடக்கத்தில் பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். நீரில் கரைந்த ஆக்சிஜனை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்வது வழக்கம். 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் 'ஆக்சிஜன் தட்டுப்பாடு' என்ற முத்திரையும் விழுந்துவிடும். நீரின் கையிருப்பைச் சொல்ல இந்த அலகு சரி. ஆனால் ஆக்சிஜனை நீரிலிருந்து செவுளுக்கும், செவுளிலிருந்து இரத்தத்துக்கும், இரத்தத்திலிருந்து செல்லுக்கும் தள்ளிக்கொண்டு போவது கையிருப்பு இல்லை, அழுத்த வேறுபாடு. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் இறங்குவது போல, அதிக அழுத்தத்திலிருந்து குறைந்த அழுத்தத்துக்கு ஆக்சிஜன் இறங்குகிறது.

இதற்குப் பகுதி அழுத்தம் என்று பெயர். கடல் மட்டத்தில் காற்றின் மொத்த அழுத்தம் 101.3 கிலோபாஸ்கல். காற்றில் ஏறக்குறைய 21 சதவீதம் ஆக்சிஜன். நீராவிக்கு உரிய பங்கைக் கழித்துவிட்டால் ஆக்சிஜனின் பங்கு 20.5 கிலோபாஸ்கலை ஒட்டி நிற்கும். காற்றோடு நன்றாகக் கலந்து சமநிலைக்கு வந்த நீரிலும் அழுத்தம் இதேதான். நீர் குளிர்ந்திருந்தாலும் வெதுவெதுப்பாக இருந்தாலும் இந்த எண் அதிகம் மாறாது. கரைந்திருக்கும் அளவுதான் மாறும். சாதாரணக் கடல்நீரில் 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 7.4 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது 6.2க்கு இறங்கிவிடும்.

இப்போது அந்த 2 மில்லிகிராம் எல்லையை அழுத்தமாக மாற்றிப் பாருங்கள். 10 டிகிரி நீரில் அது ஏறத்தாழ 4.6 கிலோபாஸ்கல். 30 டிகிரியில் ஏறத்தாழ 6.5. எண் ஒன்றுதான், உயிரியின் வாசலில் கிடைக்கும் தள்ளுவிசை வேறு வேறு. அழுத்தம் கூடியிருப்பதால் வெப்ப நீரில் வாழ்வது சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். வெப்பம் ஏறினால் உடலின் ஆக்சிஜன் தேவையும் ஏறிவிடும். ஆகவே உடலுக்குள் அளப்பவர்கள் கிலோபாஸ்கலிலேயே பேசுகிறார்கள். எல்லா உயிரிகளுக்கும் ஒரே எல்லைக்கோடு என்பதும் பொருந்தாது. நண்டும் இறாலும் 2 மில்லிகிராமை எட்டுவதற்கு முன்பே தத்தளிக்கலாம். பல சிப்பி இனங்கள் அதற்குக் கீழேயும் நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும்.

ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் இழப்பு

நீரிலிருந்து செல்லுக்குள் போகும் வழியில் ஆக்சிஜன் அழுத்தம் படிப்படியாக இறங்குகிறது. உடலை ஒட்டி அசையாமல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலம் முதல் படி. பிறகு செவுளின் தோல். பிறகு இரத்தம் போல உடலில் சுற்றிவரும் ஹீமோலிம்ப் என்ற திரவம். பிறகு திசு. கடைசியாக, செல்லுக்குள் ஆக்சிஜனை உண்மையிலேயே செலவழிக்கும் மைட்டோகாண்ட்ரியா. அங்கே வேலை நடக்க ஒரு கிலோபாஸ்கலில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படுவதில்லை. 20இல் தொடங்கிப் பூச்சியத்தை ஒட்டி முடிகிற பயணம் இது.

நீரில் ஆக்சிஜன் ஊடுருவிப் பரவும் வேகம் காற்றில் பரவுவதைப் போலப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் உண்டு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் கடல்நீரில் 5 மில்லிலிட்டர் சொச்சம்தான். திசுக்களுக்குள் ஆக்சிஜன் பரவுவதை டென்மார்க் உடலியலாளர் ஆகஸ்ட் குரோக் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டுக் காட்டினார். அந்த வழியில் வந்த ஒரு பொது விதி: இரத்த ஓட்டமோ செவுளோ இல்லாத ஓர் உயிரி வெறும் பரவலை நம்பிப் பிழைக்க வேண்டுமானால் அதன் உடல் சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமனைத் தாண்டுவது கடினம். தட்டைப்புழு ஏன் தட்டையாக இருக்கிறது என்பதற்கு இது பாதி விடை.

தடித்த உடலுள்ள உயிரிகள் திரவத்தைச் சுற்றவிட்டும், அதில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதத்தைக் கரைத்தும் சமாளிக்கின்றன. நண்டிலும் கணவாயிலும் அந்தப் புரதம் செம்பு கொண்ட ஹீமோசயனின். ஆக்சிஜன் ஏறினால் நீலம், இறங்கினால் ஏறக்குறைய நிறமற்றது. மணலில் வளை தோண்டும் சில புழுக்களில் நம்முடையது போலவே சிவப்பு ஹீமோகுளோபின். புதிதாக வருபவர்கள் ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இரத்தத்தின் நிறம் புரதத்தில் ஏறியிருக்கும் சுமையைச் சொல்லும், கருவி அளப்பதோ கரைந்திருக்கும் ஆக்சிஜனின் அழுத்தத்தை. இரண்டும் தொடர்புள்ளவை, ஆனால் ஒன்றல்ல.

மணியில் கை வைத்தால்

அளக்கும் கருவிகளில் மூத்தது கிளார்க் மின்முனை. அமெரிக்கரான லேலண்ட் கிளார்க் 1950களில் உருவாக்கியது. ஒரு மெல்லிய சவ்வுக்குப் பின்னால் பிளாட்டினம், வெள்ளி என்று இரண்டு முனைகள். சவ்வைத் தாண்டி வரும் ஆக்சிஜன் பிளாட்டினத்தில் வினைபுரிய, அதற்கேற்ப மின்னோட்டம் எழும். நல்ல கருவிதான். அதன் குறை, அளக்கும் ஆக்சிஜனைத் தானே கொஞ்சம் தின்றுவிடும். பெரிய தொட்டியில் இது பொருட்டே இல்லை. ஒரு துளி ஹீமோலிம்ப்பில் தின்பது பெரிய திருட்டு. முனையைச் சில மைக்ரோமீட்டர் அளவுக்குச் சுருக்கினால் திருட்டும் சுருங்கும். 1980களில் டென்மார்க்கின் நீல்ஸ் பீட்டர் ரெவ்ஸ்பெக் இப்படிப்பட்ட கண்ணாடி நுண்முனைகளை வெகுவாக மேம்படுத்தினார். பவளத் திசு போன்ற மெல்லிய இடங்களில் இன்றும் அவைதான் கை கொடுக்கின்றன. ஆனால் அசையும் நண்டுக்குள் செருகினால் கண்ணாடி நொறுங்கிவிடும்.

அங்கேதான் ஒளியிழை உணரி வருகிறது. இழையின் நுனியில் ஒரு சாயம் பூசப்பட்டிருக்கும். ஒரு நிற ஒளியை அதன் மேல் பாய்ச்சினால், அது வேறொரு நிறத்தில் ஒளிர்ந்து அடங்கும். அருகில் ஆக்சிஜன் மூலக்கூறு இருந்தால், ஒளிரக் காத்திருக்கும் ஆற்றலைத் தட்டிப் பறித்துவிடும். சாயங்களின் ஒளிர்வை ஆக்சிஜன் இப்படி அணைப்பதை 1930களில் ஜெர்மனியில் ஹான்ஸ் கவுட்ஸ்கி கவனித்திருந்தார்.

கோயில் மணியை நினைத்துக்கொள்ளுங்கள். அடித்துவிட்டால் ரீங்காரம் தானாக அடங்கச் சற்று நேரமாகும். யாராவது கையை வைத்தால் உடனே அடங்கும். சுற்றிலும் கைகள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் ஓசை நிற்கும். ஆக்சிஜன் மூலக்கூறுகள்தான் அந்தக் கைகள். ஓங்கி அடித்தாலும் மெதுவாக அடித்தாலும் ரீங்காரம் அடங்கும் நேரம் பெரிதாக மாறாது என்பதுதான் இதில் அழகு. அதனால் ஒளியின் பிரகாசத்தை விட்டுவிட்டு, ஒளிர்வு அடங்கும் நேரத்தை அளக்கும் கருவிகளில் சாயம் கொஞ்சம் தேய்ந்தாலும் இழை சற்று வளைந்தாலும் எண் அவ்வளவாகக் கெடுவதில்லை. அந்த நேரம் மைக்ரோ விநாடிகளில்தான் இருக்கும். இந்த உணரி ஆக்சிஜனைத் தின்பதில்லை. கைகள் குறைவாக இருக்கும் இடத்தில், அதாவது ஆக்சிஜன் குறைந்த பக்கத்தில், இதன் நுணுக்கம் கூடுதலாக இருப்பது நமக்கு இன்னொரு லாபம். உடலுக்குள் நாம் தேடும் எண்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் கிடக்கின்றன.

அளவுதிருத்தம் செய்யாமல் எதையும் நம்பக் கூடாது. இரண்டு புள்ளிகள் போதும். சோடியம் சல்ஃபைட் கலந்த நீரில் ஆக்சிஜன் முழுக்க வினையாகித் தீர்ந்துவிடும், அது பூச்சியம். காற்றூட்டிய நீர் நூறு சதவீதம், அதாவது முழு நிறைவு. காற்றுக் குமிழி ஓடிக்கொண்டிருக்கும்போதே நூறைக் குறித்துக்கொள்ளும் அவசரக்காரர்கள் உண்டு. குமிழி அடிக்கும்போது நீர் சற்று மிகைநிறைவு அடைந்திருக்கும். நிறுத்திவிட்டுச் சில நிமிடம் பொறுத்து எடுப்பதே சரி. சாயத்தின் நடத்தை வெப்பத்தோடு மாறும் என்பதால், உயிரி இருக்கும் அதே வெப்பநிலையில் திருத்த வேண்டும்.

சிப்பி கதவடைத்த இரவு

சிப்பியின் ஓட்டுக்கும் சதைக்கும் இடையில் நீர் நிற்கும் ஒரு குழி இருக்கிறது. செவுள்கள் அதில்தான் தொங்குகின்றன. ஓட்டில் ஒரு சிறு துளையிட்டு, இழையை அந்தக் குழிக்குள் விட்டு, துளையை அடைத்துவிட்டால் சிப்பி 'மூச்சு விடும்' நீரை நேரடியாக அளக்கலாம். நான் இதை முதலில் செய்தபோது தொட்டியில் காற்று நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நீரில் ஆக்சிஜன் முழு நிறைவு. மாலைவரை உள்ளே உள்ள கோடு சற்றுக் கீழே, ஆனால் நிம்மதியாக ஓடியது. இருட்டிய பிறகு ஒரு மணி நேரத்துக்குள் பூச்சியத்தைத் தொட்டது. இழை உடைந்துவிட்டது என்றே முடிவுசெய்தேன். திட்டு வாங்கப் போகிறோமே என்ற கவலையில் இழையை வெளியே எடுத்து மறுபடி திருத்திப் பார்த்தால் பழுது ஒன்றும் இல்லை. திரும்பச் செருகியதும் மீண்டும் பூச்சியம்.

உடைந்தது எதுவும் இல்லை. சிப்பி ஓட்டை மூடிக்கொண்டது, அவ்வளவுதான். உள்ளே மிஞ்சிய கொஞ்ச நீரிலிருந்த ஆக்சிஜனை அதன் திசுக்கள் தின்று தீர்த்துவிட்டன. விடியும் நேரத்தில் ஓடு திறந்ததும் கோடு சட்டென்று மேலே ஏறியது. அதன் பிறகு ஒவ்வொரு சிப்பிக்கும் ஒரு ஓட்டில் சின்னக் காந்தமும் எதிர் ஓட்டில் காந்த உணரியும் ஒட்டாமல் நான் அளந்ததில்லை. ஓடு எவ்வளவு திறந்திருக்கிறது என்பது தெரியாமல் உள்ளே உள்ள ஆக்சிஜனைப் படிப்பது, கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்காமல் அறை ஏன் புழுங்குகிறது என்று கேட்பதைப் போன்றது.

மூடிக்கொண்ட சிப்பி செத்துப்போவதில்லை. இதயத் துடிப்பைத் தாழ்த்துகிறது, செலவைச் சுருக்குகிறது, ஆக்சிஜன் இல்லாத வழியில் சர்க்கரையை எரித்துச் சக்சினேட், அலனைன் போன்ற பொருள்களைச் சேர்த்துவைக்கிறது. ஆக்சிஜன் போதாதபோது நம் தசையில் சேரும் லாக்டேட் சிப்பியில் முக்கியப் பொருளே இல்லை. வட அட்லாண்டிக்கின் ஆர்க்டிகா இஸ்லாண்டிகா என்ற சிப்பி மண்ணுக்குள் புதைந்து பல நாள்கள் இப்படி அடங்கிக் கிடக்கும். ஐஸ்லாந்துக் கடலில் 2006இல் எடுத்த ஒன்றின் ஓட்டு வளையங்களை எண்ணியதில் அதன் வயது 507. அந்த நீண்ட ஆயுளுக்கும் ஆக்சிஜன் குறைந்த இந்த வாழ்க்கைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று கருதுபவர்கள் உண்டு.

நண்டின் முதுகில்

நண்டில் வேலை நுணுக்கமானது. இதயத்துக்கு மேலே உள்ள ஓட்டைச் சிறு துளைக்கருவியால் மெல்ல மெல்லத் தேய்க்க வேண்டும். ஓட்டின் வெண்மை போய் மெல்லிய தோல் தெரியும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அதன் மேல் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் ரப்பர் தாளில் ஒரு துண்டை வெட்டி, உடனே ஒட்டும் பசையால் ஒட்டுவார்கள். அளக்கும்போது ஊசியை இந்த ரப்பர் வழியே குத்தி, ஊசிக்குள் பதுங்கியிருக்கும் இழையை மட்டும் முன்னே தள்ளினால், நுனி இதயத்தைச் சூழ்ந்த அறையில் போய் நிற்கும். செவுளைக் கடந்து ஆக்சிஜன் ஏற்றிக்கொண்ட ஹீமோலிம்ப் வந்து சேரும் இடம் அதுதான். ரப்பர் தானே மூடிக்கொள்வதால் கசிவு இல்லை.

ஊசிக் குழலால் திரவத்தை உறிஞ்சி எடுத்து வெளியே அளக்கும் பழைய முறையும் உண்டு. அதில் ஒரு பொறி இருக்கிறது. உள்ளே 2 கிலோபாஸ்கல் உள்ள திரவம், வெளியே 20 உள்ள காற்று. குழலில் ஒரு சின்னக் குமிழி இருந்தாலும் போதும், எண் ஏறிவிடும்.

இவ்வளவையும் செய்து முடித்த நண்டு அமைதியாக இருக்காது. கையில் பிடித்ததும் துளையிட்டதும் அதற்குப் பெரிய கலவரம். மூச்சு வேகம் கூடும், லாக்டேட் ஏறும். ஒருநாளாவது இருட்டில், தொந்தரவில்லாமல் விட்டுவிட்டு அளப்பதுதான் நியாயம். அறுவை முடிந்த ஒரு மணி நேரத்தில் எடுத்த எண்ணைப் பார்த்தால் நான் அதை ஆக்சிஜன் தட்டுப்பாட்டின் கணக்கில் சேர்ப்பதில்லை, அளந்தவரின் கணக்கில்தான் சேர்ப்பேன்.

எண் குறைந்தால் துன்பமா?

தொடக்கத்தில் சொன்ன நண்டின் கோட்டுக்குத் திரும்பலாம். நீரில் ஆக்சிஜன் இறங்கத் தொடங்கியதும் நண்டு செவுள் அறைக்குள் நீரைத் தள்ளும் துடுப்பை வேகமாக அடிக்கிறது. நீர் அதிகம் பாய்வதால், குறைந்த ஆக்சிஜனிலிருந்தும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. உள்கோடு அசையாமல் நிற்பது இந்த உழைப்பினால். ஓர் அழுத்தத்துக்குக் கீழே எவ்வளவு உழைத்தாலும் ஈடுகட்ட முடிவதில்லை, கோடு சரிகிறது. அந்த இடத்துக்கு முட்டு அழுத்தம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். அது ஓர் இனத்தின் நிலையான குணமும் இல்லை. அதே நண்டு சாப்பிட்டிருந்தால், நீர் வெதுவெதுப்பாக இருந்தால், ஓடியாடினால் முட்டு அழுத்தம் மேலே ஏறிவிடும். இப்படி ஈடுகட்டாமல், நீரில் குறையக் குறையத் தன் செலவையும் கூடவே குறைத்துக்கொண்டு போகும் உயிரிகளும் கடலில் நிறைய.

இதைவிட வியப்பான ஒன்று உண்டு. முழு நிறைவான நீரில், அமைதியாக இருக்கும் பல நண்டுகளிலும் சிப்பிகளிலும் ஆக்சிஜன் ஏறிய ஹீமோலிம்ப்பின் அழுத்தம் பெரும்பாலும் 1 முதல் 3 கிலோபாஸ்கல்தான். வெளியே 20 இருக்க, உள்ளே 2. பாலூட்டிகளின் கணக்கில் பார்த்தால் இது அவசரச் சிகிச்சைக்கு உரிய எண். இந்த உயிரிகளுக்கோ இயல்பு நிலை. மிகுதியான ஆக்சிஜன் செல்லுக்குள் தீங்கான வினைப்பொருள்களை உண்டாக்கும் என்பதால், வேண்டியதற்கு மேல் உள்ளே விடாமல் மூச்சைத் தாமே அடக்கி வைத்திருக்கின்றன என்று உடலியலாளர்கள் விளக்குகிறார்கள். ஆகவே '2 கிலோபாஸ்கல்' என்ற எண்ணை மட்டும் பார்த்து உயிரி தவிக்கிறது என்று எழுதிவிட முடியாது. அந்த எண் அங்கே எப்படி வந்தது, அப்போது உயிரி என்ன செய்துகொண்டிருந்தது, லாக்டேட்டோ சக்சினேட்டோ சேர்ந்திருந்ததா என்று கூடவே பார்க்க வேண்டும்.

பவளம் இதில் தனி உலகம். அதன் திசுவுக்குள் வாழும் பாசி பகலில் ஆக்சிஜனை வாரி வழங்குகிறது. 1990களில் நுண்முனையால் அளந்தபோது, வெளிச்சத்தில் திசுவில் காற்று நிறைவைப் போல இரண்டரை மடங்கு ஆக்சிஜன் இருந்தது. விளக்கை அணைத்த சில நிமிடங்களில் மேற்பரப்பிலேயே 2 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. சுற்றியுள்ள கடல்நீர் மாறவே இல்லை. பவளம் ஒவ்வொரு நாளும் மிகுதிக்கும் வறட்சிக்கும் இடையே ஊசலாடுகிறது என்று அதற்குப் பிறகுதான் பளிச்சென்று புரிந்தது.

இழையைச் செருகவே முடியாத அளவு சின்ன உயிரிகளில் வேறு வழிகளைத் தேட வேண்டியிருக்கிறது. ஆக்சிஜன் குறைந்த செல்களில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் பிமோனிடசோல் என்ற வேதிப்பொருள் புற்றுநோய் ஆய்விலிருந்து வந்தது. எங்கே குறைவு என்று படம் காட்டும், எவ்வளவு என்று எண் தராது. ஆக்சிஜன் குறைவைச் செல்லுக்கு அறிவிக்கும் எச்.ஐ.எஃப் என்ற புரதத்தின் மரபணுச் செயல்பாட்டைப் பார்ப்பதும் உண்டு. அந்தப் புரதம் இயங்கும் விதத்தைக் கண்டறிந்தவர்களுக்குத்தான் 2019இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இவையெல்லாம் தடயங்கள். அழுத்தத்தை நேரே அளந்த ஒரு கோடு கையில் இருந்தால் நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

அப்படிப்பட்ட ஒரு கோடு 2000இல் வெளியானது. மாயா ஸ்குவினாடோ என்ற ஐரோப்பியச் சிலந்தி நண்டின் ஹீமோலிம்ப்பில் ஒளியிழை உணரியை வைத்துவிட்டு, காற்றூட்டிய நீரின் வெப்பநிலையை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். ஓர் இடைப்பட்ட வெப்பநிலை வரம்பில் உள்ளே ஆக்சிஜன் நன்றாக இருந்தது. அதைத் தாண்டிச் சூடாக்கியபோது குறைந்தது, அதற்குக் கீழே குளிர்வித்தபோதும் குறைந்தது. மூச்சும் இதயமும் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கிவிட்டன. தொட்டி நீரில் ஆக்சிஜனுக்கு ஒரு பஞ்சமும் இல்லை.